நான்கு சின்ன பல்புகள்

காரின் ஹீட்டர் பலகைக்குப் பின்னால் இருந்த நான்கு சின்ன பல்புகளில் ஒன்று நவம்பர் கடைசியில் உண்மையாகவே எரிந்துபோயிற்று. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எவர்ட் காங்காஸ் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எழுபத்திரண்டு வயதில் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள அவர் முயலவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி பேச்செடுத்தார்.

"மத்த மூணும் போகப் போகுது, சிக்னே. ரொம்ப மங்கிடுச்சு."

பக்கத்து இருக்கையில் இருந்த சிக்னே எட்டிப் பார்த்தாள். மூன்றும் பச்சை நிறத்தில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

அவள் வாய் திறக்கவில்லை. கண் மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தை எவர்ட் பழைய பேட்டரிகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டு மூடியபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள், எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போகவர நாங்களே டாக்ஸி அனுப்புகிறோம் என்றார் மருத்துவர். அப்போது எவர்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இவள நான் கூட்டிட்டு வருவேன்."

நாற்பத்து நான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் 'உன்னை நேசிக்கிறேன்' என்று ஒருமுறையும் சொன்னதில்லை. வடதுருவத்தை ஒட்டிய அந்த டோர்னே ஆற்றங்கரையில் ஆண்கள் அதையெல்லாம் சொல்வதில்லை. விறகு பிளந்து அடுக்குவார்கள், மனைவியின் காரில் பனிக்கால டயர் மாட்டுவார்கள். அன்று அந்த நாலு வார்த்தையைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சிக்னே அழுதாள். இனி அந்த ஸ்டீயரிங்கை அவர் கையிலிருந்து பிடுங்குவது எப்படி? அது அவர் உயிரைப் பிடுங்குவதாகாதா?

எவர்ட் முப்பத்தெட்டு வருஷம் கார்களின் மின்சார வேலை பார்த்தவர். கறுத்துப்போன விரல்களால் கம்பிகளைத் தடவியே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். இளவட்டங்கள் காருக்குள் நீல விளக்கு போடச் சொல்லி வந்தால் திட்டி அனுப்புவார். "உள்ள வெளிச்சம் கூடினா வெளிய இருக்கிற மான் தெரியாதுடா. அப்புறம் மானும் செத்துடும், நீயும் செத்துடுவே." பட்டறையில் ஆள் குறைந்த நாட்களில் சிக்னேதான் அவருக்கு டார்ச் பிடித்தவள்.

அப்படிப்பட்டவர் இந்த முறை அஞ்சலில் வரவழைத்தது, இருப்பதிலேயே பிரகாசமான வெள்ளை எல்.இ.டி பல்புகள் நான்கு.

"ஒரு தடவை போட்டா நம்ம ரெண்டு பேர் ஆயுசுக்கும் போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் வேலை நடந்தது. ரேடியோவை உருவி, திருகுகளைக் கழற்றி, பலகையை முன்னால் சாய்த்தார். பழைய பல்புகள் அரிசி மணி அளவுதான். அவற்றை எப்படிச் செருகினாலும் எரியும். எல்.இ.டி அப்படியல்ல. அதற்கு ஒரு திசை உண்டு. மாற்றிச் செருகினால் கெட்டுப்போகாது, ஆனால் எரியவும் எரியாது. அதற்காகவே ஒரு பக்கம் கடுகளவு கூட்டல் குறி போட்டிருப்பார்கள்.

எவர்ட் ஒவ்வொரு பல்பையும் மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் கோழி பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்ன, மோந்து பாக்குறியா?" என்றாள் சிக்னே.

"டார்ச்ச ஆட்டாம பிடி."

டார்ச் ஆடவே இல்லை.

சாவியைத் திருப்பினார். வலப்பக்கத்து இரண்டும் எரிந்தன, இடப்பக்கத்து இரண்டும் இருட்டாக இருந்தன.

"பாத்தியா? நாலு வாங்கினா ரெண்டு சொத்தை. இப்பல்லாம் எவனும் ஒழுங்கா சாமான் செய்யறதில்ல." கைகளை ஊதிக்கொண்டே காபி குடிக்க வீட்டுக்குள் போனார்.

சிக்னே கொட்டகையில் தனியாக நின்றாள். இரண்டு பல்புகளையும் உருவிப் பார்த்தாள். கூட்டல் குறி எதிர்ப்பக்கம் இருந்தது. மற்ற இரண்டும் சரியாக விழுந்தது வெறும் அதிர்ஷ்டம். அவள் இரண்டையும் திருப்பிச் செருகினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ஆனால் பலகையில் நான்கு விளக்குகளும் ஒன்றாக எரிந்தபோது, திருடிவிட்டவள்போல அவள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"தட்டிப் பாத்தேன், எரிஞ்சிடுச்சு" என்றாள் அவர் திரும்பி வந்ததும்.

"தொடர்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்றார் எவர்ட். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. அந்தக் களைக்காகத்தானே அவள் அதைச் செய்தாள்!

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது அடுத்த வீட்டு ரூனே, பனி அள்ளும் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கத்தினான். "எவர்ட்! அது காரா, நடன மண்டபமா? சிக்னே, டிக்கெட் எவ்வளவு?"

"உன்ன மாதிரி ஆடத் தெரியாதவங்களுக்கு அனுமதி இல்ல, ரூனே" என்றாள் சிக்னே. சிரித்தாள். காரில் ஏறி சீட் பெல்ட்டை இருமுறை இழுத்துப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அது நடந்தது.

மணி இரண்டரை. டிசம்பரில் அங்கே அதற்குள் இருட்டிவிடும். சாலையின் இருபுறமும் பனியில் நட்ட குச்சிகள், முகப்பு விளக்கு பட்டு ஒவ்வொன்றாக மின்னி நகர்ந்தன. ஏரி வளைவு தாண்டியதும் சிக்னே பார்த்தாள். நடுச் சாலையில் ஆறு கலைமான்கள், அசையாமல் நின்றன. உள்வெளிச்சம் முன்கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததால் அவளுக்கே அவை தாமதமாகத்தான் தெரிந்தன. எவர்ட்டின் கால் வேகத்தைக் குறைக்கவில்லை.

"எவர்ட்! மான்!"

பிரேக். கார் பக்கவாட்டில் வழுக்கிப் போய் ஓரத்துப் பனிமேட்டில் மெத்தென்று முட்டி நின்றது. கலைமான்கள் ஒரு நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் காட்டுக்குள் இறங்கின.

"எங்க இருந்துச்சு?" என்றார் எவர்ட்.

"நடு ரோட்டுல. ஆறு."

அவர் கை ஹீட்டர் பக்கம் போனது. "இந்த வெளிச்சம்தான். கண்ணாடியில அடிக்குது. கொறைக்கிறேன்." குறைத்தார். சற்று நேரம் பலகையையே பார்த்தார். "இப்ப ஒண்ணுமே தெரியல. மறுபடி ஃப்யூஸ் போச்சா?"

அந்த ஊரில் கனமான பேச்சு எல்லாம் காரில்தான் நடக்கும். இருவரும் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சிக்னே தன் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று அறிந்ததும் காரில், குழந்தை தங்காது என்று எவர்ட்டிடம் சொன்னதும் காரில்.

"இல்ல எவர்ட். நாலும் எரியுது. மங்கிடுச்சுன்னு நீ சொன்ன அந்தப் பழைய மூணும் நல்லாத்தான் எரிஞ்சுது."

எவர்ட் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அன்னைக்கு ரெண்டு பல்பு எரியல இல்ல? நான் தட்டல. தலைகீழா இருந்துச்சு, திருப்பிப் போட்டேன். உங்கிட்ட மறைச்சேன். தப்பு என்னுது."

"எந்த ரெண்டு?"

"இடது பக்கம்."

எவர்ட் மெல்லத் தலையாட்டினார். "எல்.இ.டி-ய தலைகீழா போட்டான்னு ஒருத்தன வாசல் வரைக்கும் தொரத்தியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் உடைந்தது. "நேரா பாக்குறதுதான் மறையுது, சிக்னே. ஓரத்துல குச்சியெல்லாம் தெரியுது. குச்சியப் பாத்துத்தான் ஓட்டறேன். செப்டம்பர்ல இருந்து."

"தெரியும்."

"தெரிஞ்சுமா உக்காந்து வந்தே? உனக்குப் பைத்தியமா?"

"நீ கூட்டிட்டு வர்றேன்னு சொன்னே" என்றாள் சிக்னே.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். காரின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றார்.

"நகரு. மூணரைக்கு மெஷின் காத்திருக்கும். போகும்போது உனக்குத் தெம்பு இருக்குமில்ல?"

மீதி இருபது கிலோமீட்டரை சிக்னே ஓட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து எவர்ட் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், பிறகு அக்குளில் செருகினார்.

"மூணாவது கியர்ல ஏன் இப்படிக் கத்தவிடற?"

"வாய மூடிட்டு வா."

மருத்துவமனையில் ஊசிகள் ஏறி, குழாய்களில் இரத்தம் ஓடத் தொடங்கியது. எவர்ட் சன்னலோரமாகப் போய் நின்று, மருத்துவமனை டாக்ஸிக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். எண்ணைச் செவிலி அழுத்திக் கொடுத்தாள். எதிர்முனைப் பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் அறை முழுவதும் கேட்டது. எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, "நோயாளி மட்டுமா, துணைக்கு ஆள் உண்டா?" என்றாள்.

"துணைக்கு நான் வருவேன்."

"துணை எதுக்குத் தேவைப்படுதுன்னு எழுதணும்."

எவர்ட் யோசித்தார். "முடிஞ்சதும் ரொம்பக் களைச்சுப் போயிடுவா. வழியில தூங்குவா. தலை சாய தோள் வேணும்."

எதிர்முனையில் தட்டச்சு ஓசை ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. "சரி. இன்னைக்கு ஒரு நாளைக்கா, இல்ல எப்பவுமா?"

அவருடைய இடது கை கோட்டுப் பைக்குள் கார் சாவியை இறுக்கிக்கொண்டிருந்தது.

"எப்பவும்" என்றார்.

தான் அழுவதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று சிக்னே சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தனை தூரத்திலிருந்து அவருக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பக்கம் திரும்பி, அவரைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.