ஒரே ஓட்டில் போன பிரசிடெண்ட் பதவி

டெல்லியில் ஒரு பிரசிடெண்ட் இருக்கிறார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் மாறினால் ரேடியோவில் சொல்வார்கள். கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவோம். எங்களுக்குப் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட்தான். தெருவிளக்கு எரிவதும், குடிதண்ணீருக்கு போர் போடும் ரிக் வண்டி யார் வீட்டுப் பக்கம் வந்து நிற்கும் என்பதும் அவர் கையில். பல வருஷம் நடக்காமல் கிடந்த அந்தத் தேர்தல் எண்பதுகளின் நடுவில் வருகிறது என்றதும், திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் தாய்மாமன். அப்பா இல்லாத என்னைத் தன் வீட்டில் வளர்த்து, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தவர். இன்னொருவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. ஊரே அவரைப் பெரியவர் என்றுதான் சொல்லும். இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் மாமாவின் மனைவி, எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட என் அத்தை, அந்தப் பெரியவரின் கூடப்பிறந்த தங்கை. மச்சானும் மாப்பிள்ளையும் மோதிக்கொண்டால் நடுவில் நிற்கிற பெண்கள் பாடு என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

அத்தைக்கு என்னைப் போல வழவழ கொழகொழ கிடையாது. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். "என்ற ஓட்டு என்ற ஊட்டுக்காரருக்குத்தானுங்ணா. பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது, இப்பவே சொல்லிப்போட்டேன்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு வந்தாள். அன்றோடு அந்த வீட்டுக் கதவு அவளுக்கு மூடிக்கொண்டது.

எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. வாய் மட்டும்தான் எனக்கு நீளம்.

ஓட்டுப் போடுகிற வாரத்தில் ஒரு காலையில் மாமா வந்தார். வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றி வைத்து, "அடிச்சுச் சொல்லு சாமி" என்றார். வளர்த்த கடனுக்குக் கேட்கவே வேண்டியதில்லை, அவர் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்து, "உங்களுக்குத்தானுங்க மாமா" என்றேன். அதே நாள் பொழுது சாயும் நேரம் பெரியவர் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் வீட்டுக்காரர், "எங்க ஊட்டு ரெண்டு ஓட்டும் உங்களுக்குத்தானுங்ணா" என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். பெரியவர் விடவில்லை. "அது மாமன் ஊட்டுப் புள்ளையாச்சே" என்று சிரித்துக்கொண்டே மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அதையும் அடித்தேன்.

ஓட்டுப் பெட்டி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். விரலில் மை வைத்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள், அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். மாமாவுக்குக் குடை, பெரியவருக்குப் பூட்டு. சட்டசபை எலெக்‌ஷனில் எவனும் கற்பூரம் கொண்டு வந்ததில்லை, யாருக்கோ ஒன்றைக் குத்திவிட்டு வந்திருக்கிறேன். இப்போது முத்திரைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை இருந்தது. சத்தியம் தவறினால் பிள்ளையைத் தாக்கும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். குடையில் ஒன்று குத்தினேன். பூட்டில் ஒன்று குத்தினேன். ஆளுக்கொன்று, யாருக்கும் நட்டமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு மடித்துப் போட்டேன். எட்டாவது வரை படித்தவள் செய்கிற காரியமா இது? தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். அரைகுறையாகத் தெரிந்துதான் செய்தேன் என்பதே சரி.

மறுநாள் யூனியன் ஆபீசில் ஓட்டு எண்ணினார்கள். என் வீட்டுக்காரர் பெரியவர் பக்கத்து ஆளாக உள்ளே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஊருக்குள் வேட்டுச் சத்தம் கேட்டது. யாருக்கு என்று தெரியாமல் நான் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தேன். பின்னாலேயே சேதி வந்தது. பெரியவர் ஜெயித்துவிட்டார். ஒரு ஓட்டில். மூன்று தடவை திரும்ப எண்ணியும் அதே ஒரு ஓட்டு.

என் வீட்டுக்காரர் சந்தனமும் வியர்வையுமாக வந்து சேர்ந்தார். "ஏ புள்ள, சேதி தெரியுமா? செல்லாத ஓட்டுல ஒண்ணு பாத்தேன். எந்தக் கூறுகெட்டவளோ கொடையிலயும் குத்தி, பூட்டுலயும் குத்தியிருக்கறா. ரெண்டும் பொட்டு வெச்சாப்பல அத்தன நேரா இருக்குது. ஆம்பளைக்கு அந்த நேர்த்தி வராது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் விரல் மையைத் தேய்த்துக் கழுவினேன், போகவில்லை.

அடுத்த சில நாள் ஊர் இருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பெரியவரை ஜெயிக்க வைத்த அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான் என்று டீக்கடையில் மார்தட்டியவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். ரிக் வண்டியில் ஆந்திராப் பக்கம் போயிருந்து, தந்தி கிடைத்து ஓட்டுப் போட ஓடி வந்தவன் தன் ஓட்டுத்தான் என்றான். ஆசாரி தன் ஓட்டு என்றார். அவர் சம்சாரம், "நான் சொல்லித்தான அவரு போட்டாரு" என்றாள். மாமாவைத் தோற்கடித்த ஓட்டு எது என்றால் மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மாமா அதைத்தான் தேடினார். யூனியன் ஆபீசிலிருந்து பஸ் ஏறாமல் நடந்தே வந்தவர், மறுநாள் விடிந்ததிலிருந்து வீடு வீடாக ஏறினார். தனக்குச் சத்தியம் செய்தவர்களின் இடது கையைப் பிடித்து விரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் முகத்தைப் பார்த்து, "எனக்குத்தான குத்துன?" என்பார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் விரலைப் பார்த்தார்.

"எனக்குக் குத்துனியா சாமி?"

"குத்துனேனுங்க மாமா."

பொய்யில்லை பாருங்கள். ஒரு எழுத்துப் பொய்யில்லை.

வெளியே ஆள் கிடைக்காமல் மாமா வீட்டுக்குள் திரும்பினார். அண்ணன் பாசத்தில் அத்தைதான் பூட்டில் குத்திவிட்டாள் என்று முடிவுகட்டினார். அவள் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று கிளம்பி, நேராக எங்கே வந்தார் தெரியுமா? என் வீட்டுக்கு. "ஊருல நம்பிச் சோறு திங்க உன்ற ஊடு ஒண்ணுதான் சாமி இருக்குது" என்று மணையில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அதற்குள் மறுபடி ரிக் வண்டி வேலைக்கு வெளியூர் போயிருந்தார். தடுக்க ஆளில்லை.

மத்தியானமும், சாயங்காலம் பொழுதோடவும் வருவார். நான் போடுவேன், அவர் அத்தையைக் கரித்துக் கொட்டிக்கொண்டே தின்பார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. பெருக்கின வாசலையே மறுபடி பெருக்குவேன். குழந்தை தும்மினால்கூடச் சத்தியம் பலித்துவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அடிபம்பில் அத்தையைப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷம் ஆக்கிப் போட்டவள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நல்லாச் சாப்படறாரா?" என்று கேட்டாள். "கடைசில மோரு ஊத்து சாமி. மோரு இல்லாட்டி அவருக்கு எறங்காது."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அரித்தது. சொல்லவில்லை. எனக்கு என்னைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அரிசியும் பருப்பும் ஆக்கியிருந்தேன். மாமா இரண்டு வாய் வைத்துவிட்டு, "ரோசன பண்ணிட்டேன் சாமி. நாளைக்குக் காலைல அவளக் கொண்டுபோயி அவ அண்ணன் ஊட்டுல உட்டுப்போட்டு வாரேன்" என்றார்.

"அவுரும் உள்ள உட மாட்டாருங்க மாமா."

"அது அண்ணன் தங்கச்சி பாடு."

கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன். பட்டதெல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. "அத்த இல்லீங்க மாமா. நானு" என்றேன்.

"என்ன நீ?"

"உங்களுக்கும் குத்துனேன், பெரியவருக்கும் குத்துனேன். ரெண்டு பேருக்கும் கற்பூரம் அடிச்சிருந்தனுங்க. ஒண்ணப் பொய்யாக்க மனசு வல்லீங்க. அது செல்லாத ஓட்டாப் போயிருச்சு."

சோற்று வட்டிலைத் தூக்கி என் மேல் எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறியவில்லை. வலது கை சோறாக இருந்ததால் இடது கையால் சொம்பை எடுத்தார். அண்ணாந்து குடித்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். பன்னிரண்டு நாளும் அதே கையால்தான் சொம்பை எடுத்தார், நானும் எதிரில்தான் நின்றேன். ஊரில் எல்லோர் விரலையும் பிடித்துப் பார்த்த மனிதரின் விரலை ஒருவரும் பார்க்கவில்லை. என் நகக்கண்ணில் மை இன்னும் போகவில்லை. மாமாவின் ஆள்காட்டி விரலில் அது வைத்த தடமே இல்லை.

"மாமா, உங்க வெரலு" என்றேன்.

சொம்பைக் கீழே வைத்தார்.

"விடிஞ்சதுலருந்து டிராக்டருல ஆளுகளக் கொண்டாந்து எறக்கிட்டே இருந்தேன் சாமி. நம்புளுது எங்க போவுது, கடைசியாப் போட்டுக்கலாம்னு இருந்தேன். கடைசி நட ஆளுகள உள்ள தள்ளிப்போட்டு, வண்டிய ஓரங்கட்டிட்டு வாரக்குள்ள மணியாச்சுன்னு பள்ளிக்கூடத்துக் கேட்டச் சாத்திப்போட்டான். கத்தியிருந்தா உட்டிருப்பான். நூறு ஓட்டுல ஜெயிக்கறவனுக்கு இது எதுக்குன்னு வந்துட்டேன்."

என் ஓட்டு ஒன்று, அவர் ஓட்டு ஒன்று. இரண்டும் சேர்ந்திருந்தால் அவர்தான் பிரசிடெண்ட். அந்தக் கணக்கு இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். "இதத் தெரிஞ்சு வெச்சுட்டா அத்தைய இந்தப் பாடு படுத்துனீங்க?"

"நான் கேட்டுட்டே இருந்தா என்னைய ஆரும் கேக்க மாட்டாங்கல்லோ" என்றார், வட்டிலைப் பார்த்தபடி.

"எந்திரிங்க மாமா. பொழுதோட இங்க வராதீங்க, உங்களுக்கு இங்க சோறில்லீங்க" என்றேன். வளர்த்த தாய்மாமனைச் சோற்றிலிருந்து எழுப்பியவள் என்று யார் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். அவர் எழுந்து கைகழுவிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் அத்தையிடம் ஓடினேன். கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"மாமா வந்தாருங்களா?"

"வந்தாரு. உக்காந்தாரு. போட்டேன், தின்னாரு."

"ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"ரசத்துல உப்புக் கம்மின்னாரு."

அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் இரண்டிலும் குத்தியதைக் கேட்டு, "அடக் கூறுகெட்டவளே" என்று சாணிக் கையோடு அடிக்க ஓங்கினாள். மாமாவின் விரலைச் சொன்னபோது தலையை நிமிர்த்தவில்லை.

"ஓட்டுப் போட்ட அன்னிக்குப் பொழுதோட அவரு கைகால் கழுவத் தண்ணி ஊத்துனது ஆருன்னு நெனச்ச?" என்றாள்.

"தெரிஞ்சுமா அத்த சும்மா இருந்தீங்க?"

"சொன்னா ஊரு அவரப் பாத்துச் சிரிக்கும். அதுக்கு எம்மேல எரிஞ்சு உழுந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். வந்தவள் கூடையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"ஆனா சாமி, பொறந்த ஊட்ட அத்துப்போட்டுட்டு வந்து நான் அவருக்குக் குத்துனேன். அவரு அவருக்கே குத்திக்கல பாரு."

அப்புறம் கைகழுவக் குனிந்தாள். நான் சொம்பில் மொண்டு ஊற்றினேன். சாணி போனதும் அவள் விரலில் மை தெரிந்தது.