சொட்டு ஒழுகாத கார்

கயித்தான் மச்சாது தன் மனைவி அமலோற்பவத்துக்கு எண்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பெண்டாட்டி துட்டும் தன் துட்டுதான் என்று நினைக்கிற ஆண்கள் தூத்துக்குடியில் ஏராளம். கல்யாணமான முதல் மாதம் கயித்தானும் அப்படித்தான் நினைத்தார். இரண்டாவது மாதம் நினைக்கவில்லை.

அமலோற்பவம் கருவாட்டு வியாபாரி. நெத்திலி, சாளை, காரல் என்று வாங்கிக் காயவைத்து ஏரல், சாத்தான்குளம் சந்தைகளுக்கு அனுப்புகிறவள். வாடகை வண்டிக்காரர்களிடம் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய், சொந்தமாக ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கவென்று காசு சேர்த்து வைத்திருந்தாள். அந்தக் காசைத்தான் கயித்தான் "மூணே மாசம், ஏளா" என்று கேட்டு வாங்கி ஒரு காரில் போட்டார். மூன்று மாதம் முடிந்து, அதற்கு மேல் ஒரு வருடமும் முடிந்துவிட்டது. கார் ஒர்க்ஷாப்பில் நின்றது. லோடு ஆட்டோ அமலோற்பவத்தின் கனவில் ஓடியது.

கார் சாதாரணக் கார் அல்ல. கப்பல் ஏஜென்சி நடத்திய ஒரு குடும்பம் எழுபத்தொன்பதில் இறக்கிய ஜப்பான் கார். நீளம் ஒரு வள்ளத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். க்ளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அந்த வீட்டை இடித்தபோது முருங்கை மரத்தடியில் தூசி மூடிக் கிடந்தது. மில்லர்புரத்தில் நாலு மெக்கானிக்குகள் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, ஆட்டோமேட்டிக் என்றதும் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவே இல்லை. கயித்தான் மட்டும்தான் பானெட்டைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார், துட்டை எடுக்க வீட்டுக்குப் போனார்.

ஏன் போகமாட்டார்? அஞ்சாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர் அவர். மீசை முளைக்கும் முன்பே சங்கு குளிக்கிற வள்ளத்தில் கம்ப்ரசர் பார்த்தவர். கடலடியில் சங்கு பொறுக்குகிற ஆளுக்கு மேலேயிருந்து ரப்பர் குழாய் வழியாக மூச்சு அனுப்புகிற எந்திரம் அது. அது நின்றால் ஆள் அவ்வளவுதான். கயித்தான் கையில் அந்த எந்திரம் ஒரு நாளும் இருமியதில்லை. பிறகு ஹார்பர் லாரிகள், பிறகு சொந்த ஒர்க்ஷாப், மாடி வீடு. மகன் ரெக்சன் கப்பலில் என்ஜின் ரூமில் இருக்கிறான். இத்தனையும் ஒருத்தர் சொல்லிக்கொடுத்து வந்ததா? இல்லை. கண்ணும் காதும் கையும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் அப்படியே படித்தார். பழைய பெட்ஷீட்டில் ஒவ்வொரு சாமானாகக் கழற்றி வைத்துப் போனில் படம் பிடித்து, அதே வரிசையில் திரும்பப் பூட்டினார். சல்லடை மாற்றினார், சிவப்பு எண்ணெய் புதிதாக ஊற்றினார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்தினார்: "என்ஜின் ஆயில நிறுத்திப்போட்டுப் பாக்கணும். கியர் ஆயில வண்டி சூடா, ஓடிக்கிட்டு, சமதரையில நிக்கும்போதுதான் பாக்கணும். இது தெரியாம பாட்டில் பாட்டிலா ஊத்திக் கெடுத்தவன் இந்த ஊர்ல எத்தன பேரு தெரியுமா?"

எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் அந்த மாதிரி கார் இருந்ததே அந்த ஒன்றுதான்.

வண்டி ஓடியது. ஆனால் இரண்டு குறை. ஸ்டார்ட் செய்தால் பின்னால் வெள்ளைப் புகை, சுண்ணாம்புச் சூளை மாதிரி. நின்ற இடத்தில் என்ஜின் முக்கும். அடுத்தது, கியர் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. குறைந்ததும் என்ஜின் கத்தும், வண்டி மட்டும் ஆடி அசைந்து போகும்.

புகைக்குக் கார்புரேட்டர்தான் காரணம் என்று கயித்தான் முடிவு கட்டினார். கார்புரேட்டருக்கு என்ன கேடு? உப்புக் காற்று. தூத்துக்குடியில் கதவுக் கீல் இறுகினால் உப்பு, மிக்சி நின்றால் உப்பு, மருமகள் கோபித்துக்கொண்டு போனால்கூட உப்புக் காற்றின் மேல் பழி போட ஆள் உண்டு. கயித்தான் மற்றவர்களைவிட ஒரு படி மேலே போனார். துரு ஏறாத சாமான் கெட்டுப்போகாது என்பது அவர் வேதம். கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் ஊறவைத்து, ஜெட் ஜெட்டாக ஊதி, மிதவையின் உயரத்தைச் சரிபார்த்து மாட்டினார். புகை வந்தது. திரும்பக் கழற்றினார். எண்ணெய் குறைந்த விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் சனிக்கிழமைதோறும் அரை பாட்டில் ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மாசி மாதத்தில் ஜெபகனி வந்தார். நாசரேத்துக்கார அம்மா, கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து க்ளட்ச் மிதிக்க முடியாது. சர்ச்சிலிருந்து பெண் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக, தானே ஓட்டுகிற மாதிரி ஒரு பெரிய பழைய கார் தேடிக்கொண்டிருந்தார்.

"எம்மா, இந்தக் கியர்பாக்ஸ் என் கையால பூட்டினது," என்றார் கயித்தான். "ஒரு சொட்டு ஒழுகாது. ஒழுகினா என் மீசைய எடுத்துருதேன்."

ஜெபகனி சிரித்துக்கொண்டே டிப்ஸ்டிக் கம்பியைத் துடைத்து அளவு பார்த்தார். என்ஜின் ஓடும்போதுதான் பார்த்தார். கயித்தானுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பிறகு பழைய காயல் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி, தான் வந்த வாடகைக் காரின் டிக்கியிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வந்து காருக்கு அடியில் விரித்தார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் துணியைப் பார்த்தார்கள். மேடைத் துணி போலப் பளிச்சென்று இருந்தது.

"பாத்தியளா?" என்றார் கயித்தான்.

ஜெபகனி மறுபடியும் கம்பியை இழுத்தார். எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"கீழயும் இல்ல, உள்ளயும் இல்ல. எங்க போச்சு அண்ணாச்சி?"

"உப்புக் காத்துல ஆவியாயிருக்கும்."

"மூடி வச்ச பெட்டிக்குள்ள உப்புக் காத்தா? நல்லாருக்கு!" ஜெபகனி துணியை மடித்தார். "எண்ணெய் எங்க போகுதுன்னு தெரிஞ்சு, புகையும் நின்ன அன்னைக்குக் கூப்பிடுங்க. ஒண்ணரை லட்சம் தாரேன். லெந்து நோன்பு முடிஞ்சதும் எனக்கு வரிசையா கல்யாணம் இருக்கு. அதுக்குள்ள முடியலேன்னா மதுரையில ஒரு வண்டி சொல்லி வச்சிருக்கேன்."

இது அத்தனையும் கருவாட்டுக் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் அமலோற்பவம். ஜெபகனியின் வண்டி தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்தாள்.

"என் லோடு ஆட்டோவ வேற ஒருத்தன் பாத்துட்டுப் போயிருக்கான். ஆட்டோக்காரன் ஈஸ்டர் வரைக்கும்தான் எனக்காக வச்சிருப்பானாம். உங்க கார் அதுக்குள்ள விக்கலேன்னா, ஆக்கர் கடைக்காரனக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுருவேன்."

"ஏளா, ஜப்பான் வண்டிய எடைக்கா?"

"இரும்புதான? ஜப்பான் இரும்புக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூவா கூடத் தருவானா கேட்டுப் பாக்கேன்."

கேட்கிறவள்தான் அவள். மறுநாளே தராசோடு ஒரு ஆள் வாசலில் வந்து நின்று, காரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சீட்டக் கழிச்சுத்தான் எடை போடுவேன் அண்ணாச்சி," என்றான். கயித்தானுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் வண்டியை ஒரு வழி பண்ணினார். பாக்ஸின் அடித்தட்டை இறக்கி கேஸ்கெட் மாற்றினார். வெளியே ஒரு ஈரம்கூட இல்லை. கார்புரேட்டரை மீண்டும் கழற்றினார், எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டு நாளாகிவிட்டது. பழையபடி மாட்டி ஸ்டார்ட் செய்ய, வெள்ளைப் புகை கிளம்பி, அமலோற்பவம் காயப் போட்டிருந்த நெத்திலியின் மேல் போய்க் கவிந்தது.

"ஐயோ, என் சரக்கு!" என்று ஓடி வந்தாள் அவள். "புகைய அமத்துங்க! என்னத்தத்தான் அங்கன நோண்டுதிய?"

"கியர் எண்ணெய் எங்கன போகுதுன்னு பாக்கேன்."

"காருக்கு அடியில படுத்துக்கிட்டு எத்தன மாசமா தரையப் பாக்கிய! கூடையில மீன் குறைஞ்சா நான் தரையையா பாப்பேன்? பூனை வாயத்தான் பாப்பேன். இந்தா, இது வாயில இவ்வளவு புகை தள்ளுது. அதப் பாத்தியளா?"

"உனக்கு மீன் தெரியும், எனக்கு என்ஜின் தெரியும். போ."

அவள் போனாள். கயித்தான் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காரின் பின்னால் போய்க் குந்தி, புகையில் கையை நீட்டி, கையை முகர்ந்தார். பெட்ரோல் வாசம் இல்லை. என்ஜின் ஆயில் தீய்கிற வாசமும் இல்லை. இனிப்பாக ஒரு காந்தல். சனிக்கிழமைதோறும் அவர் ஊற்றுகிற சிவப்பு எண்ணெயின் வாசம்.

கார்புரேட்டருக்குக் கீழேயிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் கிளம்பி, பின்னால் வளைந்து இறங்கி, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த ஒரு தகர டப்பியில் போய் மாட்டியிருந்தது. என்ஜின் எவ்வளவு வேகமாக மூச்சிழுக்கிறது என்று பார்த்து, கியரை எப்போது மாற்றலாம் என்று பாக்ஸுக்குச் சொல்கிற டப்பி அது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. பாக்ஸைக் கழற்றிப் பூட்டியபோது கயித்தான் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். கண்ணாடி போல மின்னியது. ஒரு துருப்பொட்டு இல்லை. துரு இல்லையென்றால் கெடவில்லை. துடைத்து அப்படியே மாட்டிவிட்டார்.

இப்போது குழாயை டப்பியிலிருந்து பிடுங்கினார். வள்ளத்தில் மூச்சுக் குழாயைச் சோதிக்கிற மாதிரிதான் சோதிக்க வேண்டும். டப்பியின் மூக்கில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி, மறுமுனையை வாயில் வைத்து பலமாக உறிஞ்சினார். சவ்வு நன்றாக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும். நாக்கு ஒட்டவில்லை. ஒரு வாய் நிறைய எண்ணெய் வந்தது.

துப்பினார், காறினார், இருமினார், சிரித்தார். சவ்வு கிழிந்திருக்கிறது! கிழிசல் வழியாக என்ஜின் கியர்பாக்ஸை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துப் புகையாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. புகையும் எண்ணெயும் இரண்டு நோய் என்று இரண்டு வைத்தியம் பார்த்தாரே, இரண்டும் ஒன்றேதான்.

"என்ன வாயெல்லாம் செவப்பா இருக்கு, வெத்தலையா?" என்றாள் அமலோற்பவம்.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் கயித்தான். பூனையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

கண்டுபிடித்தாயிற்று, டப்பிக்கு எங்கே போவது? மதுரையில் கேட்டார், சென்னையில் கேட்டார், போனில் சிரித்தார்கள். குழாயை ஆணி வைத்து அடைத்துப் பார்த்தார். எண்ணெய் குறையவில்லைதான், ஆனால் கியர் ஒவ்வொன்றும் லாரி வேகத்தடையில் விழுகிற மாதிரி விழுந்தது. ஜெபகனி ஒரு பர்லாங்குக்குள் இறங்கிவிடுவார். கடைசியில் ரெக்சனுக்கு டப்பியைப் படம் பிடித்து அனுப்பினார். அவன் கப்பல் அப்போது அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.

"இதுக்காப்பா இவ்வளவு பாடு? இங்க பன்னெண்டு டாலர்," என்று பதில் வந்தது.

தூத்துக்குடிக் கரையிலிருந்து ஆள் போகாத கப்பல் உலகத்தில் உண்டா? ரெக்சனோடு இருந்த மணப்பாட்டுப் பையன் ஒருவன் லீவில் ஊருக்கு வந்தான். ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்க, குருத்தோலை ஞாயிறன்று, ஒரு சாக்ஸுக்குள் சுருட்டிய டப்பி கயித்தான் கைக்கு வந்தது. பூசை முடிந்து கையில் குருத்தோலையோடு நின்றவர், ஓலையை அமலோற்பவத்திடம் கொடுத்துவிட்டு நேராக ஒர்க்ஷாப்புக்கு நடந்தார். புது டப்பி, புதுக் குழாய், சரியான அளவுக்கு எண்ணெய். பிறகு கார்புரேட்டரின் ஐட்லிங் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பினார். ஒரு இடத்தில் என்ஜின் தூங்குகிற பிள்ளை மாதிரி மூச்சு விட்டது. பின்னால் புகை இல்லை. நெத்திலி நிம்மதியாகக் காய்ந்தது.

அதே வாரம், பெரிய வியாழனுக்கு முந்தின நாள் ஜெபகனி வந்தார். திருச்செந்தூர் போய்த் திரும்பலாம் என்றார். கயித்தான் முன்னால் உட்கார்ந்தார். பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினால் அமலோற்பவம் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க?"

"என் துட்டு போற இடத்துக்கு."

முக்காணி தாண்டும் வரை கயித்தான் தன் பெருமையைச் சொன்னார், ஆறுமுகநேரி தாண்டும் வரை கியர்பாக்ஸின் பெருமையைச் சொன்னார். "இப்ப ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு மாறிச்சே, தெரிஞ்சுதா? தெரியாது. தெரியக் கூடாது. அதான் வேலை!" பின்னாலிருந்து அமலோற்பவம், "வாயத்தான் நிறுத்த ஒரு கியர் இல்ல," என்றாள். ஜெபகனி சிரித்த சிரிப்பில் வண்டி சற்றே அலைந்து திரும்பியது.

திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ் வாசலில், சமதரை பார்த்து நிறுத்தினார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபகனி கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி இழுத்தார். கயித்தான் கடல் பக்கம் பார்ப்பது போல நின்றார்.

"கிளம்பும்போது எங்க இருந்துதோ, அங்கனயே இருக்கு," என்றார் ஜெபகனி. "சொல்லுங்க, எங்கதான் போச்சு அந்த எண்ணெய்?"

கயித்தான் பானெட்டுக்கு அடியில் குனிந்து குழாயைக் காட்டி, டப்பியை விளக்கி, சவ்வுக் கிழிசலைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. பழைய டப்பியையே பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார்.

"அப்ப உப்புக் காத்துன்னு சொன்னியளே?"

"காத்துதான்மா," என்றார் கயித்தான், கண் இமைக்காமல். "வெளிய உள்ள காத்துன்னு நான் சொன்னேனா? என்ஜின் உள்ள இழுக்கிற காத்து."

ஜெபகனி பழைய டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பத்தாயிரம் குறைத்துக் கேட்டார். கயித்தான் காரின் கூரையைத் தடவிக்கொண்டே மாட்டேன் என்றார். ஐயாயிரத்தில் முடிந்தது.

தூத்துக்குடி திரும்பி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, வண்டியின் சாவி கைமாறியது. ஜெபகனி ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளை ஒர்க்ஷாப் மேசையில் வைத்துவிட்டு, இனி தன்னுடையதான அந்தக் காரில் ஏறித் தானே ஓட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கம் சாயாமல், புகை விடாமல், மணப்பெண் மாதிரி போனது வண்டி.

"தூத்துக்குடியில இருந்து நாகர்கோயில் வரைக்கும் இத செய்யத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?" என்றார் கயித்தான், கட்டுகளைச் சட்டைப் பைக்குள் தள்ளியபடி.

அமலோற்பவம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, அவர் முன்னால் நீட்டி விரித்தாள்.

"நாளைக்கு பேங்க்குல..."

கை அப்படியே இருந்தது.

கயித்தான் இரண்டு கட்டுகளை வெளியே எடுத்தார். பெருவிரலில் எச்சில் தொட்டு, ஐந்நூறு, ஆயிரம் என்று சத்தமாக, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி எண்ணி எண்ணி வைத்தார். எழுபதாயிரம் தாண்டியதும் குரல் கொஞ்சம் இறங்கியது. கடைசி நோட்டை வைத்தபோது விரல்கள் அதை விடவில்லை. அமலோற்பவம் இழுக்கவில்லை. கையை விரித்தபடியே நின்றாள்.

கயித்தான் நோட்டை விட்டார்.