விபூதி விழுந்த துளை

கண்ணாடி இழை ஒயரோட முனையில கண்ணுக்குத் தெரியாத தூசி உட்கார்ந்தாக்கூட நெட் நின்னுடும். அரியலூர்லயோ சுண்ணாம்புக்கல் லாரி ஓடாத ரோடு கிடையாது. மாட்டுறதுக்கு முன்னாடி துடைக்கணும், பெட்டியில ஒயர் மாட்டுற காலித் துளைக்கு மூடி போடணும். நெட் கனெக்‌ஷன் கொடுக்கற வேலையில கூட இருக்கறவங்ககிட்ட இதைச் சொல்லிச் சொல்லியே கத்துவேன், பெரிய இவன் மாதிரி.

போன ஆயுத பூஜைக்கு மீட்டர், ஏணி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். நமக்குச் சோறு போடுறது இதானேன்னு, திருமானூர் பக்கம் போஸ்ட் கம்பத்துல இருக்கற நெட் பெட்டியையும் திறந்து விபூதி பூசி, சூடம் காட்டினேன். காலித் துளைகளுக்கு மூடி இருக்கான்னு பாக்கல. மறுநாள் அதே பெட்டியிலேருந்து ஒரு வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுத்தேன். ஒயர் முனையைத் துடைச்சேன். துளையைத் துடைக்கல. நெட் அப்பப்ப நிக்குதுன்னு அந்த வீட்டுல சொன்னப்ப, ஆஃப் பண்ணிப் போடுங்கன்னு போன்லயே முடிச்சுட்டேன்.

பத்து நாள்ல அந்த வீட்டுப் பெரியவர் தவறிட்டார். ஒரே மகன் சவுதியில, லீவு கிடைக்கல. அப்பா முகத்தை வீடியோவுலயாவது பாக்கணும்னு அங்க உட்கார்ந்திருக்கார், இங்க நெட் போச்சு. செல்போன் சிக்னல்ல பேசலாம், படம் வராது. மருமகதான் எனக்கு போன் பண்ணுச்சு.

போனேன். மோடத்துல சிவப்பு லைட். வீட்டு முனையைத் துடைச்சேன், ஒயர் பூரா தடவிப் பாத்தேன். வெளியே பாடை கட்டியாச்சு. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னாங்க. கொஞ்சம் பொறுங்கன்னு மருமக கெஞ்சிக்கிட்டிருந்துச்சு. போஸ்ட் பெட்டி எனக்குக் கடைசியாத்தான் தோணுச்சு. நானே கும்பிட்ட பெட்டியாச்சே. ஏறி, முனையை உருவி லென்ஸ்ல பாத்தேன். விபூதி அப்பியிருந்துச்சு.

முனையையும் துளையையும் துடைச்சு மாட்டுறப்ப, கொள்ளிடக் கரைப் பக்கமா மேளச் சத்தம் கேட்டுச்சு. எடுத்துட்டாங்க. ஏணியிலயே நின்னேன். அழுகை வரல, பயம் வரல. மனசு மரத்துப் போச்சு. இன்னிக்கும் அப்படித்தான் இருக்கு.

வீட்டுக்குள்ள பச்சை லைட். கூடத்தைக் கழுவி விட்டிருந்தாங்க. மருமக நீட்டுன போன்ல அந்த மகன் இருந்தார். அவருக்கு அந்த ஈரத் தரைதான் தெரிஞ்சிருக்கும்.

"இப்ப தெளிவா இருக்குண்ணே"ன்னார். "என்ன கோளாறு?"

தூசின்னு சொன்னேன்.