துணிக்கடைப் பொம்மையின் முகம்

எங்கள் அலுவலகத்தில் அவளை டச்சப் என்றுதான் கூப்பிடுவோம். முன்பு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள். பருவை அழிப்பது, மூடிய கண்ணைத் திறந்து வைப்பது, மாப்பிள்ளையின் தொப்பையை உள்ளே தள்ளுவது எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஒரு தடவை ஒரு கல்யாணப் பெண்ணை வெளுப்பாக்கச் சொன்னார்கள். ஆக்கினாள். போதாது, இன்னும் என்றார்கள். "இதுக்கு மேல வெளுத்தா நகை மட்டும்தான் மிஞ்சும், பரவாயில்லையா?" என்று பெண்ணின் மாமியாரிடமே கேட்டுவிட்டு, அன்றோடு அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். எனக்குப் பக்கத்து நாற்காலி. என் வாயும் லேசுப்பட்டதில்லை என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கூரையில் கேமரா வைத்த கார் ஒன்று தெருத்தெருவாகப் போய்ப் படம் எடுக்கும். அந்தப் படங்கள் போனில் பார்க்கிற வரைபடத்தில் ஏறும். ஏறுமுன் தெருவில் நிற்கிறவர்களின் முகங்களை மங்கலாக்க வேண்டும். முதலில் சாஃப்ட்வேர் தானே முகங்களைத் தேடி மங்கலாக்கும். அதற்குச் சந்தேகம் வருகிற படங்கள் மட்டும் எங்களிடம் வரும். நாங்கள் முகத்தின் மேல் ஒரு பெட்டி வரைந்து பொத்தானைத் தட்டுவோம். சரி என்று அது முடிவு கட்டிய படத்தை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்க மாட்டோம். வயிற்றெரிச்சல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த சாஃப்ட்வேரின் அறிவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சுவர்க் கடிகாரத்தை மங்கலாக்கும். பால்பவுடர் விளம்பரத்துக் குழந்தையை மங்கலாக்கும். கதவில் இருக்கும் சிங்கத்தலைக் கைப்பிடிக்குக்கூட மானம் காக்கும். "விட்டுடுங்க, கூடுதலா மறைச்சா யாருக்கும் நஷ்டமில்ல" என்பார் டீம் லீடர். நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம்.

டச்சப்பின் அம்மா தெருப் பெருக்குகிறவர். ஒப்பந்த வேலை. ஒரு நாள் வேலைக்குப் போனவர் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒப்பந்தக்காரர் அவரையும் அவரோடு குப்பை வண்டி தள்ளும் ஜோடிக்காரியையும் கூப்பிட்டுத் தன் போனை நீட்டியிருக்கிறார். அதில் எங்கள் வரைபடம். இன்னும் திறக்காத துணிக்கடையின் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பிளாஸ்க். அம்மா துடைப்பத்தை மடியில் சாய்த்து, காலை நீட்டி, கேமராவையே பார்க்கிறார்.

"ஊரே பாக்குற மாதிரி உக்காந்து கதை பேசுறீங்க. நாளையிலேருந்து வராதீங்க" என்று சொல்லிவிட்டார் அந்தப் புண்ணியவான். பெருக்கி முடித்த தெரு அதே படத்தில் துடைத்துவிட்ட மாதிரி கிடக்கிறது. அது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

படத்தில் அம்மாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. ஜோடிக்காரியின் முகமும் அப்படித்தான். பின்னால் கண்ணாடிக்குள் நின்ற துணிக்கடைப் பொம்மைகளின் முகங்களை மட்டும் சாஃப்ட்வேர் ஒன்று விடாமல் மங்கலாக்கி வைத்திருந்தது.

"ஏன்டி, முகத்தை மறைக்கிறதுதானே உன் வேலை? பொம்மைக்கெல்லாம் மறைச்சிருக்கீங்க. எனக்கு ஏன் மறைக்கல?" என்று அம்மா கேட்டாராம். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். மறுநாள் அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

நேரே டீம் லீடரிடம் போய்ப் படத்தைக் காட்டினாள்.

"இது நம்ம கைக்கு வரவே இல்லம்மா" என்றார் அவர். "சாஃப்ட்வேரே பாஸ் பண்ணிடுச்சு."

"எப்படிப் பாஸ் பண்ணுச்சு?"

"முகம்னு எடுத்துக்கல போல."

"எங்கம்மாவுக்குக் கழுத்துக்கு மேல இருக்கிறது பின்ன என்ன சார்?"

அவர் தலையைச் சொறிந்தார். "நிழல்ல உக்காந்திருக்காங்க. தலையில துணி வேற கட்டியிருக்காங்க. நிறமும் கொஞ்சம்…" என்று இழுத்தார்.

"பொம்மையும் அதே நிழல்லதான் நிக்குது."

புகார் போடுங்கள், மேலே பார்த்து வரிசைப்படி அனுப்புவார்கள் என்றார். ஒரு பெட்டி வரைகிற வேலைதானே, நானே வரைந்துவிடுகிறேன் என்றாள் இவள். வெளியே போன படத்தை அனுமதி இல்லாமல் திறக்கக்கூடக் கூடாது என்று சட்டம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு வேளையில் நானும் அவளும் சாப்பிடாமல் வரைபடத்தைத் திறந்து தெருத்தெருவாகப் போனோம். மூட்டை சுமக்கிறவர், சாக்கடை அள்ளுகிறவர், குனிந்து ரோடு போடுகிற பெண், எல்லோருக்கும் முகம் அப்பட்டமாகத் தெரிந்தது. வங்கி விளம்பரத்தில் பல்லைக் காட்டுகிறவனுக்கு மட்டும் மங்கல். ஓர் இடத்தில் என்றால் தவறிவிட்டது எனலாம். போகிற தெருவெல்லாம் இப்படி இருந்தால் அதற்குப் பெயர் தவறா? முகம் என்றால் இன்னதென்று அந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தவன் எவனோ, அவன் ஒரு நாளும் தெருவில் இறங்கி நடந்திருக்க மாட்டான்.

கடைசியாக அம்மாவின் தெருவுக்கு வந்தோம். துணிக்கடையைத் தாண்டி அம்புக்குறியைத் தட்டினால் ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் காலுக்கு மேல் கால் போட்டு ஓர் ஆள் டீ குடிக்கிறார். கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் சிவப்புக் கயிற்றில் விசில். பெருக்குகிறவர்களை மேய்க்கிற மேஸ்திரி என்று டச்சப் அடையாளம் சொன்னாள். அவர் முகம் மட்டும் நேர்த்தியாக மங்கலாகியிருந்தது.

மறுநாள் காலை ஒப்பந்தக்காரரின் கொட்டகைக்கு அம்மாவும் ஜோடிக்காரியும் நாங்களும் போனோம். வருகைப்பதிவுக்காகத் துடைப்பமும் கையுமாக எல்லோரும் நின்றிருந்தார்கள். டச்சப் போனை நீட்டினாள்.

ஒப்பந்தக்காரர் உற்றுப் பார்த்தார். "முகமே தெரியல. யாருன்னு நான் எப்படிச் சொல்றது?"

"எங்கம்மாவுக்கு முகம் தெரிஞ்சுது, வேலை போச்சு. இவருக்குத் தெரியல, அதனால வேலை இருக்கு. அப்படித்தானே? மறைக்காத படம் எங்க ஆபீஸ்ல இருக்கு சார்."

இருந்தது உண்மைதான். அதை இவளால் திறக்க முடியாது என்பதும் உண்மை. இரண்டாவதை அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மேஸ்திரி விசிலை மெல்லச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அம்மா குறுக்கே வந்தார். "அதெல்லாம் வேண்டாம். அவர் உக்காந்து டீ குடிச்சதுல என்ன தப்பு? அவரும் இருட்டோட எழுந்து வர்றவர்தான். நானும் அதே மாதிரிதான் உக்காந்தேன். அவர் பண்ணது தப்பில்லன்னா நான் பண்ணதும் தப்பில்ல. தப்புன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க. நீங்களே சொல்லுங்க."

ஒப்பந்தக்காரர் சுற்றிலும் பார்த்தார். துடைப்பத்தோடு நின்றவர்களில் ஒருவர்கூட நகரவில்லை. "சரி சரி, போய் வேலையைப் பாருங்க. இந்த ஒரு தடவை மன்னிச்சு விடறேன்" என்றார். வீம்பு போகவில்லை. "ஆனா இனிமே யாரும் ரோட்டைப் பாத்து உக்காரக் கூடாது. உக்காந்தா சுவத்தைப் பாத்து உக்காருங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

யார் யாரை மன்னிப்பது? டச்சப் பல்லைக் கடித்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். போன வேலை திரும்பி வந்த சந்தோஷம் எங்கள் யாருக்கும் இல்லை.

டச்சப் போட்டிருந்த புகார் ஆடி அசைந்து ஒருவழியாக வந்தது. வந்ததும் டச்சப்பின் திரையிலேயே வந்தது. இப்போது பெட்டி போடலாம் என்று அனுமதி. தன் முகத்தை மறைத்துவிடச் சொல்லி ஜோடிக்காரி முன்பே கேட்டிருந்தார். அதை முடித்துவிட்டு டச்சப் அம்மாவுக்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, உன் படம் வந்திருக்கு. முகத்தை மறைச்சிடவா?"

"இப்ப எதுக்கு? பாக்க வேண்டியவன் பாத்தாச்சு. வேலையும் போயி வந்தாச்சு. எங்க எல்லாரையும் சுவத்தைப் பாத்து உக்கார வெச்சிருக்கான். நான் தெருவைப் பாத்து உக்காந்தது அந்த ஒரு படத்துலயாவது இருக்கட்டும், விடு."

டச்சப் போனை வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அம்மாவின் முகத்தைத் தொடவில்லை. மவுஸ் மெல்லக் கண்ணாடிக்குள் நின்ற பொம்மைகளிடம் போனது.

"அதை ஏன் தொடுற? டீம் லீடர் விட்டுடச் சொல்லியிருக்காரே" என்றேன்.

அவள் காதில் வாங்கவில்லை. பொம்மைகளின் மேல் இருந்த மங்கலை ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. முட்டை மாதிரி வழவழவென்று வெள்ளையாக இருந்தன. இந்தக் காலத்துக் கடைகளில் பொம்மையை அப்படித்தான் செய்கிறார்கள்.

டச்சப் திரும்பி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி டீம் லீடரைக் கூப்பிட்டாள்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க. வந்து இதுங்க முகத்தைப் பாருங்க."