நூற்றிருபது பவுண்டு காற்று

சைக்கிளுக்குக் காற்று அடிப்பது, அடிக்கிறவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த தொழில். மருந்துக் கடையிலோ ஜவுளிக் கடையிலோ நின்று பிழைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பாடும் அதுதான். புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். சங்கச் செயலாளராக இருந்தேன். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நீக்கப்பட்டேன். எங்கெங்கோ அலைந்து, இப்போது திருப்பதியில் சந்திரகிரி போகும் சாலையில் ஒரு சைக்கிள் கடையில் இருக்கிறேன். டயர், டியூப், காற்று மூன்றும் என் பொறுப்பு. விடிகிற நேரத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, மெல்லிய டயர் வைத்த ரோடு சைக்கிளில் உடம்புக்காக ஓட்டுகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள்.

எடை கேட்ட கதை

எனக்குப் படிப்பு கொடுத்தவை துண்டுப் பிரசுரங்கள். எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். டயர்ப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சின்னத் தாளையும் அப்படித்தான் படித்தேன். டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண், தாங்கக்கூடிய அளவின் எல்லை. அடிக்க வேண்டிய அளவு வேறு. ஓட்டுகிறவரின் எடை, டயரின் அகலம், ரோடு காய்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா, இதையெல்லாம் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட, முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதை ஓர் அட்டையில் பட்டியலாக எழுதிச் சுவரில் மாட்டினேன். கீழே ஒரு எடை மெஷினையும் வைத்தேன். ஒரு மாதம் அதன்மேல் ஒருவரும் ஏறவில்லை. மனை வியாபாரம் செய்கிறவர் ஒருவர், தொண்ணூறுக்குக் குறையாது, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு "எழுவத்தஞ்சு" என்றார். மெஷினைக் காட்டினேன். அவர் சொன்னது: "நான் காத்து அடிச்சிக்கினு போவ வந்தேண்ணா, மிலிட்டரில சேர வரல."

வரதன் சார் வந்தார்

வேலைநிறுத்தத்தைத் தூண்டியதாக ஆலையில் என்மேல் மூன்று நாள் உள்விசாரணை நடத்தி, 'குற்றச்சாட்டு நிரூபணமாகிறது' என்று கையெழுத்துப் போட்டவர் வரதன் சார். அங்கே பர்சனல் ஆபீசர். ஒரு நாள் காலை வெளிநாட்டு சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். நான் அடையாளம் கண்டேன். அவரும் கண்டார். இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை.

கடை முதலாளி கிஷோரிடம் அவர் பேசியது, சக்கரத்தின் அருகே குந்தியிருந்த என் காதில் விழுந்தது. மனைவி இறந்து இரண்டு வருஷம். மகன் பெங்களூரில். டாக்டர் ஓட்டச் சொன்னாராம், மகன் இந்த சைக்கிளை வாங்கி அனுப்பினானாம். "காலைல சந்திரகிரி போய் வர அந்த ஒன்றரை மணி நேரம்தான் மனுஷனா இருக்கேன். மீதி நேரம் வீட்டுச் சுவத்தப் பாத்துக்கினு இருக்கேன். இதுவும் நின்னா அவ்வளவுதான்" என்றார். குரலில் பரிதாபம் எதுவும் இல்லை. அறிக்கை வாசிக்கிற மாதிரிதான் சொன்னார்.

ஆள் மெலிந்தவர், அறுபது கிலோ இருப்பார். பின்னால் எண்பது பவுண்டு, முன்னால் எழுபத்தைந்து போதும் என்றேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து, டயரின் பக்கத்தில் விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "ஆறுமுகம், நூத்திருபதுன்னு இதுல அச்சடிச்சிருக்கு. அச்சுல இருக்கறத விட்டுட்டு நீங்க சொல்றத நான் அன்னிக்கும் கேக்கல."

விதிப்படி வேலை

ஆலையில் எங்களுக்கு ஒரு போராட்ட முறை இருந்தது. வேலையை நிறுத்த மாட்டோம். விதியில் உள்ளதை மட்டும் செய்வோம். மெஷினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், அதைச் சொல்வது நம் வேலை என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் சொல்ல மாட்டோம். அன்றிலிருந்து வரதன் சாருக்கு நான் செய்தது இதுதான். நூற்றிருபது கேட்டார், நூற்றிருபது அடித்தேன். பம்ப் மீட்டரின் முள் அந்தக் கோட்டில் நிற்கும்வரை பம்பை விட மாட்டேன். அவர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். கல் மாதிரி இருக்கும். திருப்தியாகப் போவார்.

சந்திரகிரிக்கு முன்னால் ரோடு முழுக்கப் பள்ளத்தை மூடிய தார் ஒட்டு. கல் மாதிரி டயர் ஒவ்வொரு ஒட்டிலும் துள்ளும், அந்த அதிர்ச்சி முழுக்க உள்ளங்கையில் இறங்கும். மூன்று வாரத்தில் அவருக்கு இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. பஞ்சு வைத்த கையுறை வாங்கினார். ஹேண்டில்பாருக்குப் புது டேப் சுற்றினார். சீட்டை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தார். இப்படியே மரத்துக்கொண்டு போனால் நிறுத்திவிட வேண்டியதுதான் என்று கிஷோரிடம் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு பம்பைத் துடைத்தேன்.

அவர் போன பிறகு கிஷோர் என் பக்கம் திரும்பி, தன் தெலுங்கு கலந்த தமிழில் ஏன் என்று கேட்டான்: "அன்னா, நீ நெனச்சா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவ. எந்துக்கு சும்மா நிக்கிற?"

டீச்சர் ஏறினார்

எடை மெஷினில் யாரும் கேட்காமலே ஏறியவர் ரேவதி டீச்சர் ஒருவர்தான். கார்வேட்டிநகரம் பக்கத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறார். ஐம்பத்தெட்டு கிலோ. அதே அகல டயர், அதே சந்திரகிரி ரோடு. நூற்றுப் பத்திலிருந்து எழுபத்தெட்டுக்கு இறக்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து, வரதன் சார் நிற்கும்போதே, முன்னைவிட சீக்கிரம் போய் வருகிறேன், கை வலியும் இல்லை என்றார். கெட்டியான டயர் கல்லுக்குக் கல் எகிறி வேகத்தை விடுகிறது, இளகின டயர் கல்லை விழுங்கிக்கொண்டு ஓடுகிறது என்று பலகையில் எழுதாத குறையாக விளக்கினார்.

வரதன் சார் இடது கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போது நான் "எண்பது வைக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். அவர் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். வேலைநிறுத்தப் பேச்சுவார்த்தையிலும் மேஜையின் இரண்டு பக்கமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அப்போது வெளியே நானூறு குடும்பம் காத்திருந்தது.

டீச்சர் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார்: "நீங்களே கேளுங்க சார். கேட்டா சொல்லுவாரு, கேக்கலன்னா வாயத் தொறக்க மாட்டாரு. எங்க ஹெட்மாஸ்டரும் இதே மாதிரிதான்."

மழை விட்ட காலை

விடிவதற்கு முன் மழை பெய்து விட்டிருந்தது. ரோடு கறுப்பாகப் பளபளத்தது. நனைந்த ரோட்டில் இன்னும் ஐந்து குறைக்க வேண்டும், இல்லையென்றால் டயர் பிடிக்காது என்று என் அட்டையிலேயே எழுதியிருக்கிறேன். வரதன் சார் வந்து, "எப்பவும் போல" என்றார். பம்ப் என் கையில் இருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை நாலு. அதைச் சொல்லாமல் முள்ளைப் பார்த்துக்கொண்டே அடித்து முடித்தேன்.

அவர் வழக்கம்போல அழுத்திப் பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக என்னிடம் நேராக ஒரு நல்ல வார்த்தை சொன்னார்: "தினம் கரெக்டா வெக்கறீங்க ஆறுமுகம், ஒரு பாயிண்ட் கூடக் கொறையறதில்ல."

இரண்டாவது விசாரணை

அன்று சந்திரகிரிக்கு முன்னால் ஒரு வளைவில் வரதன் சாரின் சக்கரம் வழுக்கியிருக்கிறது. இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து, தகடு வைத்தார்கள். இனி சைக்கிள் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து மகன் காரில் வந்தான். பின் சீட்டிலிருந்து கட்டுப்போட்ட கையோடு வரதன் சாரும் இறங்கினார். சைக்கிளை விற்றுக் கொடுக்கும்படி கிஷோரிடம் விட்டார்கள்.

மகன் சுவரில் இருந்த அட்டையை முழுக்கப் படித்தான். "யார் காத்து அடிச்சது?" என்றான். எழுந்து நின்றேன். "அறுபது கிலோவுக்கு எண்பதுன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. மழைக்கு இன்னும் கொறைக்கணும்னும் எழுதியிருக்கீங்க. தெரிஞ்சே நூத்திருபது வெச்சீங்களா?" நியாயமான கேள்வி. ஆலை வாசலில் நூறு கூட்டம் பேசியவன், குனிந்து பம்ப் குழாயைச் சுருட்டினேன். தெரிந்துதான் வைத்தேன்.

வரதன் சார் நல்ல கையால் மகனின் தோளைத் தொட்டார். நாளைக் காலை எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். எங்கேயும் போக மாட்டார். என்னைப் பார்க்காமல், பழைய அறிக்கைக் குரலிலேயே சொன்னார்: "மொத நாளே எண்பதுன்னு சொன்னார், கேக்காதது நான். இவர் மேல குத்தம் எதுவும் இல்ல. விடு."

என் ஆயுளில் என்மேல் நடந்த விசாரணைகளில் குற்றமற்றவன் என்று எனக்குச் சாதகமாக முடிந்தது இது ஒன்றுதான், தப்பான தீர்ப்பும் இது ஒன்றுதான்.