மக்காச்சோளம் போட்ட வருஷம்

எங்கள் கரிசல் புஞ்சையில் பருத்தியை விட்டுவிட்டு மக்காச்சோளம் போடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். என் கணவருக்கு அதில் விருப்பமில்லை. கோழித் தீனிக்குப் போகிற பயிரை நாம் ஏன் போட வேண்டும் என்று கேட்டார். ஆனால் பருத்தி எடுக்க ஆள் இல்லை. தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளின் வேன்கள் விடிந்ததும் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். வெடித்த பருத்தி செடியிலேயே தொங்கி, மழையில் நனைந்து கறுத்ததைப் பார்த்த பிறகு அவரும் இறங்கி வந்தார். மக்காச்சோளம் என்றால் அறுவடைக்கு மிஷின் வரும்.

ஐப்பசி மழைக்கு விதைத்தோம். பயிர் முழங்கால் உயரம் வந்தபோது குருத்துக்குள் படைப்புழு இறங்கியது. அந்தப் புழு அமெரிக்காவிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவுக்குப் பரவி, பிறகு நம் நாட்டுக்கு வந்தது என்று பார்க்க வந்த வேளாண்மை அலுவலர் சொன்னார்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து நம்ம காட்டைத் தேடி வந்திருக்கு பாருங்க" என்றேன்.

"விருந்தாளியா வந்திருக்கு? மருந்தை எடுத்துட்டு வா" என்று என் கணவர் எரிந்து விழுந்தார்.

மாறி மாறி மருந்தடித்துப் பயிரைக் காப்பாற்றினோம். தை மாதம் அறுவடை மிஷின் வந்து நின்றபோது எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆள் உயரத் தட்டைகளை முன்பக்கம் வாங்கிக்கொண்டு, பின்பக்கம் சக்கையைத் துப்பிக்கொண்டே போனது அது. குழாய் வழியாக டிராக்டர் பெட்டிக்குள் மணி கொட்டியது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். பெட்டியில் ஏறி இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தேன். மிஷின் ஓட்டி வந்தவர் சிரித்தார். நான் கவலைப்படவில்லை.

ஈரம் போகக் காய்ந்தால்தான் வியாபாரி எடுப்பார். கண்மாய்க்கரை ஓரமாகப் போகும் தார் ரோட்டில் ஒரு பக்கமாக நீளமாகப் பரப்பினோம். நன்றாகக் காய்ந்துவிட்டது; மறுநாள் லாரி வருவதாகப் பேச்சு. அன்று மத்தியானத்துக்கு மேல் மேற்கே வானம் கறுத்தது. தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. என் கணவரும் நானும் பலகையை வைத்துத் தள்ளித் தள்ளிக் குவித்தோம். பாதி தூரம்கூடப் போகவில்லை, இடி இடித்தது. நனைந்தால் பூசணம் பிடித்துவிடும்.

அப்போதுதான் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. இடி மின்னல் என்றால் வெடிமருந்து வேலையை நிறுத்தி ஆட்களைச் சீக்கிரமே அனுப்பிவிடுவார்கள். முன்பு எங்கள் புஞ்சைக்குப் பருத்தி எடுக்க வந்துகொண்டிருந்த அக்கா ஒருவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, ரெண்டே பேரா நிக்கீக?" என்று கேட்டபடியே இறங்கினார். பின்னாலேயே வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் இறங்கினார்கள். ஒரு பெண் ஓடிவந்து சோளத்தில் கை வைக்கப் போனாள்.

"ஏ புள்ள, மருந்துக் கையோட தொடாத. கையைக் கழுவிட்டு வா" என்று அக்கா அதட்டினார். "திங்கிற பொருளு."

எல்லார் கையிலும் பட்டாசுக்குச் சேர்க்கும் அலுமினியப் பொடி மினுமினுத்தது. மழை தலைக்கு மேலே நிற்கிறது. அவர்களோ எங்கள் குடத்துத் தண்ணீரில் வரிசையாகக் கை கழுவினார்கள். எனக்குப் பொறுக்கவே முடியவில்லை. ஆனால் கழுவி முடித்ததும் வேலையில் இறங்கினார்கள் பாருங்கள், முறம், பலகை, முந்தானை என்று கையில் கிடைத்ததை வைத்துக் குவித்தார்கள். வேன் ஓட்டுநரும் என் கணவரும் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். ஓரத்துக்குக் கல் வைக்கும்போது மழை சடசடவென்று இறங்கிவிட்டது.

எல்லாரும் வேனுக்குள் ஓடினோம். தினமும் ஊருக்குள் வந்து போகிற வேன்தான், நான் ஏறியதில்லை. மூச்சு வாங்க, ஈரச் சேலையோடு அந்தப் பெண்களுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்தேன். எல்லாருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

"இது கோழித் தீனிக்குத்தானே போகுது?" என்று அக்கா கேட்டார்.

"முன்னே அப்படித்தான் அக்கா. இப்ப பெட்ரோல்ல கலக்க எத்தனால் காய்ச்சுறாங்களாம், அந்த ஆலைக்காரங்களும் போட்டி போட்டு வாங்குறாங்கன்னு வியாபாரி சொன்னாரு."

"திங்கிற தானியத்தைப் போயி வண்டிக்கு ஊத்துவாகளா?" அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு, "அப்போ கோழியும் பைக்கும் ஒரே பந்தியில உக்காந்துருச்சுன்னு சொல்லுங்க" என்றார். வேனே குலுங்கியது.

மறுநாள் நல்ல வெயில். வியாபாரி ஈரம் பார்க்கும் கருவியில் மணியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தார்ப்பாய் ஓரத்தில் நனைந்ததை மட்டும் ஒதுக்கினார். லாரி கண்மாய்க்கரை தாண்டிப் போகும்வரை நான் ரோட்டிலேயே நின்றேன். இது கோழிக்குப் போகிறதோ வண்டிக்குப் போகிறதோ, எங்கள் மண்ணில் விளைந்தது எங்கோ தூரத்தில் ஒன்றை ஓட வைக்கப்போகிறது என்ற நினைப்பே உடம்பைச் சிலிர்க்க வைத்தது.

சாயங்காலம் வேனை நிறுத்தி அக்காவிடம் கூலி கொடுக்கப் போனேன். "கூலிக்கா இறங்குனோம்? நனைஞ்சது கிடக்குல்ல, அதைத் தாங்க. எங்க கோழிக்கு ஆகும்" என்றார்.

பூசணம் பிடிக்காமல் அதை இரண்டு நாள் நன்றாக வெயிலில் உலர்த்தி, என் கணவரே மூட்டையாகக் கட்டிப் பைக்கில் வைத்துக்கொண்டு போனார். போட்டுவிட்டு உடனே வருவார் என்று பார்த்தேன், வரவில்லை. இருட்டிய பிறகு வந்து, அந்த அக்கா வீட்டில் டீ குடித்ததாகச் சொன்னார். முன்பு பருத்தி எடுக்க ஆள் கூப்பிடப் போனால்கூடத் தெருமுனையிலேயே நின்று திரும்பிவிடுகிறவர்; எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் அவர் டீ குடித்தது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டு முடிக்கும்வரை அவர்கள் வீட்டுச் சேவலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.