அக்கா வரைந்த பல் ஆஸ்பத்திரி

என் அக்கா யாரை உட்கார வைத்து வரைந்தாலும், அவர்கள் எழுந்து போகும்போது கோபத்தோடுதான் போவார்கள். என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். கடைசியில் பார்த்தால் கன்னம் பச்சை, கழுத்து ஒட்டகத்துக்கு உரியது, கண் இரண்டும் ஆளுக்கொரு திசை.

"அண்ணி, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

அக்கா தூரிகையைத் துடைத்தபடியே சொன்னாள்: "எப்படா எழுந்து ஓடலாம்னுதானே உட்கார்ந்திருந்தீங்க? அதைத்தான் போட்டேன்."

உண்மைதான். அதனால் அவருக்கு எரிச்சல் இரண்டு மடங்கு.

ஒரு பத்திரிகையில் அவளை எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர் என்று எழுதினார்கள். அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதுக்கு மருந்து இருக்கா?" என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரையாமல், பார்க்கும்போது உள்ளே என்ன பொங்குகிறதோ அதை வரைகிறவர்கள் என்று விளக்கினேன்.

"பொங்கினா அடுப்பை அணைக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மாவும் அக்காவும் இருப்பது டயர் கடைக்கு மேலே உள்ள மாடியில். தெரு செங்குத்தாக ஏறும். ஜன்னலில் நின்று பார்த்தால் ஒரு வீடும் நேராக இருக்காது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறவர்கள், பை தூக்கி ஏறுகிறவர்கள், எல்லாரும் குப்புற விழப்போகிறவர்கள் மாதிரியே நடப்பார்கள். ரப்பர் கருகும் வாடை படுக்கைவரை வரும். அக்காவின் படங்களில் எல்லாமே சாய்ந்திருப்பதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. அவள் பார்த்து வளர்ந்த உலகம் அப்படி.

அப்புறம் வெளிநாட்டில் ஒரு கலைக்கூடம் அவளை அழைத்தது. ஒரு வருடம் தங்கி வரையலாம், அறை அவர்கள் பொறுப்பு. போனாள். போன முதல் மாதமே புலம்பல் ஆரம்பித்துவிட்டது.

"இந்த ஊரு மேஜை மாதிரி இருக்குடி. எல்லாம் நேரா நிக்குது. ஜனங்களும் நேரா நடக்கிறாங்க. எனக்குக் கோடே வரலை."

"நேராத்தான் போடேன். ஒரு தடவை போட்டா என்ன குறைஞ்சிடும்?"

போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கூடத்தின் பெண் நிர்வாகி வாராவாரம் வந்து பார்ப்பாராம். அக்கா அங்கே துணி துவைக்கும் அறையை வரைந்து வைத்திருந்தாள். வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த இயந்திரங்கள், உள்ளே சுற்றுகிற யார் யாருடைய சட்டைகளோ. நிர்வாகி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இதுல உங்க ஊர் எங்கே?" என்று கேட்டாராம்.

"ஊரை நான் என்ன பெட்டியில மடிச்சா எடுத்துட்டு வந்தேன், கேட்டதும் விரிச்சுக் காட்ட?" என்று என்னிடம் கத்தினாள். அவரிடம் கத்த வேண்டியதை என்னிடம் கத்துவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வழக்கம்.

பாதி வருடம் இப்படியே போனது. வரைவாள், சுரண்டுவாள், அதன் மேலேயே இன்னொன்று வரைவாள். நடுவில் பல்வலி வந்தது. நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவள். எனக்கே ஒரு வாரம் சொல்லவில்லை. வீடியோவில் பார்த்தபோது ஒரு பக்கக் கன்னம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. எங்கள் டாக்டரிடம் போனைக் கொடுத்தேன்.

"ஏம்மா, உள்ளே சீழ் கட்டியிருக்கு. இன்னும் என்ன பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

"பயமா இருக்கு டாக்டர்."

"பல்லைக் காட்டிட்டு வந்து பயப்படுங்க. இப்பவே கிளம்புங்க."

கிளம்பினாள். அரசாங்கப் பல் ஆஸ்பத்திரி. காலையில் போனவளைச் சாயங்காலம்தான் கூப்பிட்டார்களாம். அதுவரை நீள பெஞ்சில், கன்னத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தாள். பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அறைக்குத் திரும்பியவள் அதற்கப்புறம் வெளியே வரவில்லை. போன் எடுக்கவில்லை. செத்துத்தான் போனாளோ என்று அம்மா என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டாள்.

ஒரு நாள் அவளே படத்தை அனுப்பினாள். சுவர் அளவு இருக்கும். நீள பெஞ்ச் எங்கள் தெரு மாதிரி சரிந்து இறங்குகிறது. அதில் இருப்பவர்கள் வழுக்கி விழாமல் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருக்கிறார்கள். மேலே வெளிறிய பச்சை வெளிச்சம், வீங்கிய கன்னங்கள் ஊதாவும் சிவப்புமாக. நடுவில் வேறு யாரோ இல்லை, எங்கள் டயர் கடைக்காரர்.

"இவர் எப்படி அங்கே வந்தார்?"

"முதல்ல அந்த ஊருக்காரர்தான்டி. வரைய வரைய இவரா மாறிட்டாரு. நான் என்ன பண்றது?"

அங்கே நடந்த கண்காட்சியில் நிர்வாகி படத்தின் முன் கண் கலங்கி நின்றாராம். "உங்க நாட்டு ஜனங்களோட துயரம்! எவ்வளவு ஆழம்!"

"மேடம், இது உங்க ஊர் பல் ஆஸ்பத்திரி. ரெண்டு தெரு தள்ளி இருக்கு. நடந்தே போகலாம்."

திரும்பி வந்த பிறகு இங்கே ஒரு கண்காட்சி. இங்கேயும் ஒரு விமர்சகர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். "வெளிநாட்டுக் காத்து நல்லாவே பட்டிருக்கு. நம்ம மண் வாசனை போயிடுச்சே" என்றார்.

அக்கா பல்லைக் கடித்தாள், மிச்சம் இருந்ததை. "அங்கே போனா இங்கேங்கறாங்க, இங்கே வந்தா அங்கேங்கறாங்க. நான் என்ன நடுவானத்துலயா குடியிருக்கேன்?"

அம்மாதான் எங்களை இழுத்துப் போய்ப் படத்தின் ஓரத்தைக் காட்டினாள். பெஞ்சின் கடைசியில் ஒரு பெண், கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு.

"இது நான்தானே?"

"ஆமாம்மா."

"என் பல்லுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு. என்னை எதுக்கு அங்கே கொண்டு போய் உட்கார வெச்சே?"

"நான் கிளம்பின அன்னிக்கு ஏர்போர்ட்ல நீ இப்படித்தான் உட்கார்ந்திருந்தே. அந்த ஆஸ்பத்திரியில யாரைப் பார்த்தாலும் அதுதான் ஞாபகம் வந்துச்சு."

அம்மா இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "மூக்கு சரியில்லை" என்று சொல்லிவிட்டு நாற்காலி தேடிப் போனாள்.

படம் விலை போகவில்லை. எங்கள் டாக்டர் ஆசையாக வந்து பார்த்துவிட்டு, "இதை மாட்டினா ஒருத்தன் உள்ளே வரமாட்டான்மா" என்று கும்பிடு போட்டார். அம்மா வீட்டு மாடிப்படியில் அது ஏறாது. ஆக, எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வாடகை கொடுக்காத அத்தனை நோயாளிகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் என் வீட்டுக்காரர் தினமும் சாப்பிடுகிறார்.

வந்ததிலிருந்து அக்கா எங்கள் தெருவையும் அந்த ஆஸ்பத்திரி வெளிச்சத்தில்தான் வரைகிறாள். "எனக்கு மஞ்சள் காமாலையா?" என்று டயர் கடைக்காரர் மாடி ஏறி வந்து சண்டை போட்டார். அந்தப் படங்களைத்தான் இப்போது ஆட்கள் தேடி வந்து கேட்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை போலிருக்கிறது.

போன மாதம் இன்னொரு நாட்டுக்குப் போனாள், துறைமுக ஊர். நேற்று போன். மழை நிற்கவே இல்லையாம், வண்ணம் காயவில்லையாம், பக்கத்து அறைக்காரன் புல்லாங்குழல் ஊதி உயிரை எடுக்கிறானாம்.

"நான் எதுக்குடி இங்கே வந்தேன்?"

"அதை வரைஞ்சு பாரு, தெரியும்" என்று சொல்லி, இந்த முறை நான் முதலில் போனை வைத்துவிட்டேன்.